வீடு மாற்றும்போது தொலைவது விளக்கல்ல, அதன் உச்சி அன்னம்

குத்துவிளக்கு முழுசாகத் தொலைவது அபூர்வம். காணாமல் போவது அதன் உச்சியில் உள்ள அன்னம்தான். மரையைக் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பெட்டி ஓரத்தில் செருகுவார்கள். புது வீட்டில் காகிதக் குவியலோடு குப்பைக்குப் போய்விடும். பழைய மரைக்குப் பொருந்தும் அன்னம் கடையில் கிடைப்பது கஷ்டம். அடித்தட்டு, தண்டு, அகல், அன்னம் நான்கையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி ஒரே பையில் போட்டு, பைமேல் ‘விளக்கு, 4 உருப்படி’ என்று எழுதுங்கள். பல்லாங்குழிச் சோழிக்கும் இதே வழிதான். அடர்நிறத் துணியாக இருந்தால் குப்பையில் கலக்காது.

தஞ்சாவூர் ஓவியத்தைப் படுக்கவைக்கவே கூடாது. மேலே பாரம் ஏறிக் கண்ணாடி உடைந்தால் தங்க ரேக்கு கிழிந்துவிடும். கண்ணாடிமேல் குறுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி, நிமிர்த்தியே ஏற்றுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய போட்டோவைப் பிரிக்காதீர்கள், படம் உரிந்துவரும். சட்டத்தோடே போகட்டும்.

நகை, பத்திரம் லாரியில் வேண்டாம். போக்குவரத்துக் காப்பீடு பொதுவாக இவற்றை ஏற்காது.

சாமான் ஏற்றுபவர்கள் எழுதும் பட்டியலில் அம்மியையும் குழவியையும் இரண்டு உருப்படியாக எழுதச் சொல்லுங்கள். பூட்டுமுன் பரணையும் பூஜை அறைக் கதவின் பின்பக்க ஆணியையும் ஒருமுறை பாருங்கள்.