வீடு மாறும் மாதங்களில் புறாக்கள்

டிசம்பர் 4

பால் காய்ச்ச நாள் குறித்தாகிவிட்டது. தை 18, ஜனவரி 31. தென்கரை வீட்டில் பூச்சு வேலை முடிந்து கதவும் ஒயரிங்கும்தான் பாக்கி. இந்தத் திருவேடகத்து வாடகை வீட்டை மாசி பிறப்பதற்குள் காலி செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறோம். சாமான்களைக் குட்டியானையில் ஏற்றினால் இரண்டு நடையில் முடிந்துவிடும். என் யோசனை முழுக்க மாடியில் இருக்கிற புறாக்களைப் பற்றித்தான்.

"பக்கத்து ஊர்தானே, கூடையில் அடைத்துக் கொண்டுபோக வேண்டியதுதானே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பக்கம் என்பதுதான் சங்கடம். என்னிடம் இருப்பவற்றில் ஹோமர், அதாவது எங்கே விட்டாலும் தன் கூண்டுக்கே திரும்பி வருகிற புறா, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சாதாரணமாகப் பறக்கும். சோழவந்தானுக்கு எதிர்க்கரையில் இருக்கிற தென்கரையில் கதவைத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் இதே மாடியில் வந்து உட்கார்ந்துவிடும். இங்கே கூண்டும் இருக்காது, தீனியும் இருக்காது; ஆனாலும் இடத்தை விட்டு நகராது. பறந்து பழகிய பெரிய ஹோமரை மாதக்கணக்கில் அடைத்து வைத்தாலும், திறந்துவிட்ட அன்றைக்குப் பழைய மாடிக்குத்தான் போகும்.

குஞ்சு விஷயம் வேறு. கூண்டுக்கு வெளியே ஒரு வட்டம்கூட அடிக்காத குஞ்சை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் அந்த ஊர்க்காரனாகிவிடும். எனவே தென்கரைக்குப் போகிற நாளில் தானாகத் தீனி பொறுக்கத் தெரிந்த, இன்னும் பறக்காத குஞ்சுகள் கையில் இருக்க வேண்டும். ஜோடி சேர்த்த எட்டுப் பத்து நாளில் முட்டை, 17 அல்லது 18 நாள் அடை, பிறகு நாலு வாரம். பால் காய்ச்சும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் இந்த வாரம்தான் சேர்க்க வேண்டிய வாரம். ஐப்பசி மழைக்கு ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்திருந்தேன். சாயங்காலம் நடுத்தட்டியை எடுத்துவிட்டேன். நீலச் சேவலும் சாம்பல் பெட்டையும் பழைய மாடத்துக்கே போய் நின்று குனுக ஆரம்பித்துவிட்டன. கறுப்புப் பட்டைச் சேவல்தான் கொஞ்ச நேரம் வாலைத் தரையில் தேய்த்துக்கொண்டு சுற்றியது.

டிசம்பர் 15

இரண்டு ஜோடியும் முட்டையிட்டுவிட்டன. முதல் முட்டை விழுந்து ஒரு நாள் விட்டு அடுத்தது. இரண்டாவது விழுகிறவரை பெட்டை முட்டைமேல் நின்றாற்போல் இருக்குமே தவிர அழுந்தி உட்காராது. அதனால்தான் இரண்டு குஞ்சும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன.

அடை காப்பதில் இவற்றின் முறை மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலை பத்து மணி வாக்கில் சேவல் வந்து பக்கத்தில் நிற்கும், பெட்டை எழுந்து வழிவிடும். சாயங்காலம் வரை சேவல். இராத்திரி முழுக்கப் பெட்டை.

டிசம்பர் 20

செல்போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். நாலிலும் சிலந்தி கால் விரித்தாற்போல் சிவப்பு நரம்புகள். நாலும் கரு கட்டியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் காட்டினேன். எட்டாவது படிக்கிறான். பள்ளிக்கூடம் விட்டதும் பையை வாசலில் போட்டுவிட்டு நேராக எங்கள் மாடிக்குத்தான் வருவான். "தாத்தா, அந்தப் புள்ளி துடிக்குது பாருங்க" என்றான். எனக்குத் தெரியவில்லை. அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

ஜனவரி 2

நாலு குஞ்சும் வெளியே வந்துவிட்டன. கண் திறக்காமல், மஞ்சள் பூமயிரோடு. முதல் சில நாளுக்குத் தாய் தகப்பன் இரண்டின் தொண்டைப்பையிலும் ஊறுகிற பால்தான் ஆகாரம். குஞ்சு தன் அலகைத் தாயின் வாய்க்குள் விட்டு வாங்கிக்கொள்ளும். தகப்பனுக்கும் பால் ஊறுகிற பிராணி உலகத்தில் மிகக் குறைவு. ஒவ்வொரு தடவையும் இதைப் பார்க்கும்போது கை கூப்பத் தோன்றுகிறது.

தீனியில் பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கூட்டியிருக்கிறேன். கம்பும் சோளமும் வழக்கம்போல. முட்டை ஓடு, செங்கல் பொடி, கொஞ்சம் உப்பு தனித் தட்டில்.

ஜனவரி 8

குஞ்சுகளின் காலில் அடையாள வளையம் போட்டேன். ஏழாம் நாள் வாக்கில் போட்டுவிட வேண்டும். பத்து நாள் தாண்டினால் பாதம் பெருத்துவிடும், வளையம் ஏறாது. முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து அலுமினிய வளையத்தை மாட்டி, பின்விரலைக் காலோடு ஒட்டி வைத்து மேலே ஏற்றி, பிறகு ஒரு தீக்குச்சியின் மழுங்கின முனையால் பின்விரலை மெல்ல வெளியே இழுத்துவிட வேண்டும். இரண்டை நான் போட்டேன், இரண்டைப் பையன் போட்டான். அவன் கை நடுங்கவே இல்லை.

ஜனவரி 16

இன்றைக்கு அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. தெருவில் ஆண்பிள்ளைகளே இல்லை. குஞ்சுகளுக்குச் சிறகு குழல் குழலாக முளைக்கிறது. வல்லூறு ஒன்று காலையில் தென்னந்தோப்புக்கு மேலே சுற்றியதால் பெரிய புறாக்களை வெளியே விடவில்லை.

ஜனவரி 21

சாம்பல் பெட்டை மறுபடியும் முட்டையிட்டுவிட்டது. குஞ்சுக்கு மூன்று வாரம் ஆகும்போதே அடுத்த ஈடுக்குப் போவது புறாவின் வழக்கம். நல்ல தீனி கிடைத்தால் தை, மாசி என்று பார்க்காது. ஆனால் இந்த முட்டைகள் பிப்ரவரி 7 வாக்கில்தான் பொரியும். நாங்கள் அதற்கு ஒரு வாரம் முன்னாடியே போய்விடுவோம். அடையில் இருக்கிற ஜோடியைக் குட்டியானையில் ஏற்றினால் முட்டையைக் கைவிட்டுவிடும்.

இராத்திரி முழுக்க யோசித்தேன். பெரிய ஹோமர்களை தென்கரையில் அடைத்து வைத்து, குஞ்சு எடுப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால் நீலச் சேவலை எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் விட்டால் நான் பஸ் பிடித்து வருவதற்குள் வீட்டில் இருக்கும். அதற்கு மிச்ச ஆயுளை வலைக்குள் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் தபால் துறையில் இருந்தவன். ஒடிசா போலீஸின் புறாப் பிரிவைப் பற்றி எங்கே படித்தாலும் கத்தரித்து வைப்பேன். 1946இல் ராணுவத்திடமிருந்து வாங்கிய புறாக்களோடு தொடங்கினார்கள். 1999 பெரும்புயலில் மற்றத் தொடர்பெல்லாம் அறுந்தபோது புறாக்கள் சேதி கொண்டுபோயின. அவர்களிடம் இடம் மாற்றி வைக்கிற கூண்டுக்குப் பழக்கிய புறாக்களும் இருந்தன. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் லண்டன் பஸ்களையே புறாக்கூண்டாக மாற்றிப் போர்முனைக்குக் கொண்டுபோனது. புறா ஊரை அடையாளம் வைத்திருக்கிறது, கிட்டே வந்ததும் தன் கூண்டையும் அடையாளம் பார்க்கிறது.

அதனால் இந்த முடிவு: ஹோமர் ஜோடிகள் இரண்டும் இங்கேயே இருக்கும். கூண்டும் அவற்றோடு இருக்கும். பக்கத்து வீட்டு மாடிக்கு, பையனுக்கு. தேக்குச் சட்டம் போட்ட கூண்டை விட்டுவிட்டுப் போவதா என்று மனைவிக்கு வருத்தம். தென்கரையில் புதிதாக ஒன்று செய்துகொள்ளலாம், இந்தப் புறாக்களுக்கு வேறு கூண்டு செய்துதர முடியாது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அந்தப் பிள்ளை நல்லா பாத்துக்குவான்" என்றாள். குட்டிக்கரணம் போடுகிற கர்ணப்புறாக்களும் விசிறி வால் லக்கா ஜோடியும் எங்களோடு வரும். லக்கா தூரமாகப் பறக்காது. கர்ணத்தைச் சில வாரம் இறக்கை கட்டி வைத்தால் பழகிவிடும்.

பையனுடைய அம்மாவிடம் பேசினேன். தீனிச் செலவு, எச்சம் வாருவது, பூனைக்கு வலை, தூசிக்கு மூக்கை மூடிக்கொள்வது எல்லாம் சொன்னேன். "படிப்பு கெடாதா அய்யா?" என்று கேட்டார். காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி, அதற்கு மேல் வேலை இல்லை என்றேன்.

ஜனவரி 28

இருட்டின பிறகு நாலு பேர் சேர்ந்து கூண்டைத் தூக்கிப் பக்கத்து மாடியில் வைத்தோம். உள்ளே புறாக்கள் இருந்தன, முட்டையும் இருந்தது. வாசல் முன்னைப் போலவே கிழக்குப் பார்த்து. இருட்டில் புறா அசையாது என்பதால்தான் இந்த நேரம். சாக்கால் மூடிவிட்டு விடிகிறவரை மாடியிலேயே உட்கார்ந்திருந்தேன். விடிந்து சாக்கை விலக்கினால் சாம்பல் பெட்டை முட்டைமேல் அப்படியே இருந்தது. பத்து மணிக்குச் சேவல் வந்து மாற்றிக்கொண்டது. அப்பாடா.

ஜனவரி 31

விடியற்காலையில் பால் காய்ச்சினோம். குஞ்சுகளை மூங்கில் கூடையில் வைத்து மடியிலேயே கொண்டுவந்தேன். தீனி குறைவாகக் கொடுத்திருந்ததால் வழியில் கக்கவில்லை. மனைவியின் அக்கா, புது வீட்டில் புறா ஆகாது, குடும்பம் சிதறும் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜோடி பிரியாமல் இருந்து இருவரும் சேர்ந்து குஞ்சு வளர்க்கிற பறவையால் எந்தக் குடும்பமும் சிதறாது என்று அவரிடமே சொன்னேன்.

பிப்ரவரி 4

புதுக் கூண்டு தயார். தரையிலிருந்து இரண்டடி உயரம், எலியும் சாரையும் ஏறாமல் இருக்கக் காலில் தகரம். வாசலில் தொங்குகிற கம்பிகள்: வெளியிலிருந்து முட்டினால் உள்ளே விடும், உள்ளிருந்து முட்டினால் விடாது. கூரைமேல் கம்பிவலைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். குஞ்சுகள் பகல் முழுக்க அதில்தான். இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தில் 1970களில் செய்த ஆராய்ச்சிகளில், புறா தன் கூண்டுக்கு வீசுகிற காற்றின் மணத்தையும் வழி கண்டுபிடிக்கப் பயன்படுத்துகிறது என்று தெரிந்தது. அதனால் நாலு பக்கமும் காற்றுப் படும்படி திறந்தே விட்டிருக்கிறேன். இங்கே காற்றில் வருவது வைகை மணல், நெல், வெற்றிலைக் கொடிக்கால் ஈரம், அகத்திப்பூ. அவை கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

கொடிக்கால்காரர் ஒருவர் எச்சத்தைக் கேட்டு வந்தார். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு எருவில் கவனம் கூடியிருக்கிறதாம். புறா எச்சம் சூடு அதிகம், பச்சையாகப் போடக் கூடாது, மட்க வைத்துத்தான் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 13

நேற்று சாயங்காலம் முதல் தடவையாகக் குஞ்சுகளை வெளியே விட்டேன். மதியத் தீனி கொடுக்கவில்லை. பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். துரத்தக் கூடாது, பயந்து எழும்பிய குஞ்சு எங்கே போகிறோம் என்று பார்க்காது. ரொம்ப நேரம் கைப்பிடிச் சுவரில் நடந்தன. திடீரென்று மூன்று எழும்பித் தோப்புக்கு மேலே தாறுமாறாக ஒரு வட்டம், பிறகு கொஞ்சம் பெரிதாக இன்னொன்று. தகர டப்பாவில் கம்பைப் போட்டுக் குலுக்கினேன். மூன்றும் இறங்கிக் கம்பியை முட்டி உள்ளே போய்விட்டன. நாலாவது பக்கத்துத் தென்னையில் தங்கிவிட்டது. ஆந்தை பயத்தில் எனக்குத் தூக்கம் இல்லை. காலை ஆறரைக்கு டப்பாச் சத்தம் கேட்டதும் அதுவும் வந்துவிட்டது.

அதே நேரம் திருவேடகத்திலிருந்து போன். போன வாரம் பொரித்த குஞ்சு இரண்டும் கண் திறந்துவிட்டதாம். நீலச் சேவலை நேற்று வெளியே விட்டானாம். முதலில் எங்கள் பழைய மாடியில் இறங்கிச் சுற்றிப் பார்த்ததாம், பிறகு பக்கத்து மாடியில் கூண்டைப் பார்த்து நேராக உள்ளே போய்விட்டதாம். சம்பந்தர் விட்ட ஏடு வைகையில் எதிரேறி வந்து சேர்ந்த ஊர் அது. சேவல் வழி தவறாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் கேட்கும்போது கண் கலங்கிவிட்டது.

"வளையம் எப்ப போடணும் தாத்தா?" என்றான். நாளைக்கே போட வேண்டும். டப்பாவில் வளையம் மிச்சம் இருக்கிறது, காலை பஸ்ஸில் கொண்டுபோகிறேன். பச்சைப்பயறும் தீரப்போகிறதாம். அப்படியே சோழவந்தானில் இறங்கி வாங்கிக்கொள்ள வேண்டும்.