எண்பது காணி

அண்ணனுக்கும் எனக்கும் வரப்புத் தகராறு. அப்பா விட்டுப்போன ஒன்றேகால் ஏக்கரில் கிணறு யார் பக்கம் என்பதுதான் வழக்கு. சர்வேயரை வரச்சொல்லிவிட்டு, மனசு சரியில்லாமல் ஒரு நாள் காலையில் விருத்தாசலத்தில் பஸ் ஏறி வடலூர் போனேன். பூசமும் இல்லை, விசேஷமும் இல்லை. வழியில் நெய்வேலி. சுரங்கத்துக்காக நிலத்தை விட்டவர்கள் எங்கள் பக்கத்துச் சொந்தங்களிலேயே உண்டு. இழப்பீடு வந்தும் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை வாசலில் செருப்பை விட்டபோது வெயில் ஏறியிருந்தது. 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் நடந்த எண்கோண மண்டபம் இது. உள்ளே சிலை கிடையாது. ஏழு திரைகளுக்குப் பின்னால் ஜோதி மட்டும்தான். கொலை புலை தவிர்த்தவர்களுக்கே உள்ளே அனுமதி என்று எழுதியிருந்தது. நான் மீன் சாப்பிடுகிறவன். வெளியே நின்றே கும்பிட்டேன். 'அருட்பெருஞ்ஜோதி' என்று யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். என் கண் என்னவோ சுற்றியிருந்த வெட்டவெளியை அளந்துகொண்டிருந்தது. வரப்புச் சண்டைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

எண்பது காணி. இன்றைய கணக்கில் சுமார் 106 ஏக்கர். பார்வதிபுரத்து மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்தது. யாரும் சட்டம் போட்டுப் பிடுங்கவில்லை. ஏர் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு ஒரு குழி நிலத்தை விடுவது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த எண் தொண்டையில் நின்றது.

கொடுத்ததோடு அவர்கள் ஒதுங்கியும் போய்விடவில்லை. 2024இல் இந்தப் பெருவெளியில் அரசு வள்ளலார் பெயரில் சர்வதேச மையம் கட்டப் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரத்துக்காரர்கள் திரண்டு எதிர்த்தார்கள். பாட்டன் பூட்டன் கொடுத்தது வெளி, அது வெளியாகவே இருக்கட்டும் என்றார்கள். பட்டா இல்லை, அனுபவ பாத்தியதை இல்லை, ஆனாலும் கேட்க உரிமை இருக்கிறது. இதற்கு வருவாய்த்துறையில் என்ன பெயரோ!

பசித்தவர்களுக்குச் சோறு போட வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைக்குள் நுழைந்ததும் விறகுப் புகை. 1867 மே 23 அன்று பற்றவைத்த அடுப்பு அணையாமல் தொடர்கிறது. அது எரியத் தொடங்கிப் பத்தாண்டு ஆவதற்குள் வந்ததுதான் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் மக்கள் மடிந்த அந்த நாட்களில் இந்த ஒரு அடுப்பால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஊர் முழுவதற்கும் எப்படிப் போதும்? போதாதுதான். ஆனால் வந்து உட்கார்ந்தவன் இலைக்குச் சோறு வந்திருக்கும்.

பந்தியில் எனக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர், அழுக்கு வேட்டி, ஒரு துணிமூட்டை. வலப்பக்கம் காரில் வந்த குடும்பம். யார், எந்த ஊர், என்ன சாதி, வேலைக்குப் போகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குத்தான் கூச்சம். கையில் காசு இருக்கிறவன் இங்கே உட்காரலாமா? பெரியவர் என் தயக்கத்தைப் பார்த்தார்போல. "பசிக்குதா தம்பி? அப்ப சாப்பிடு" என்றார். உட்கார்ந்தேன். சாம்பார் கொஞ்சம் உப்பு தூக்கல். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

வள்ளலார் சொத்தே கூடாது என்று சொன்னவர் இல்லை. குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு போடுவது கடவுளுக்குச் சம்மதம் இல்லை என்றே எழுதியிருக்கிறார். கல்யாணம் காட்சி என்று செலவழிக்கும்போதும் பசித்தவனை மறக்காதே என்கிறார். இதைப் படித்த நாளில் எனக்கு நிம்மதியாக இருந்தது, நம்மால் முடிகிற காரியம்தானே என்று. பந்தியில் உட்கார்ந்தபோது அந்த நிம்மதி போய்விட்டது. என் மகள் கல்யாணத்தில் மேடை அலங்காரத்துக்கு ஆன செலவை மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முழுத்தொகையை இங்கே எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

கை கழுவிவிட்டு அன்னதானத்துக்குக் கொஞ்சம் பணம் கட்டப் போனேன். பணம் கட்டுகிற இடத்தில் இருந்தவர் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து, "யார் பேர்ல போடணும்?" என்றார். அந்த எண்பது காணியில் ஒரு காணி யாருடையது என்று இப்போது சுற்றிலும் யாருக்காவது தெரியுமா? எனக்கு ஏனோ என் பெயரைச் சொல்ல நா எழவில்லை. அப்பா பெயரைச் சொன்னேன்.

பட்டாவும் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.