வெந்நீர் மாடியில் இருக்கிறது, குழாயில் ஏன் வரவில்லை?

சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை வெயிலைப் பற்றியவை அல்ல. பைப்பைப் பற்றியவை. "பேனல் சரியில்லை", "டியூப் பழசாகிவிட்டது" என்று சொல்லி மாடிக்குப் போய்ப் பார்த்தால், டேங்கில் 60 டிகிரிக்குத் தண்ணீர் தயாராக நிற்கும். கீழே குளியலறைக் குழாயில் மட்டும் பச்சைத் தண்ணீர் வரும். சூரியன் தன் வேலையைச் செய்துவிட்டது, இடையில் ஏதோ அதைக் கெடுக்கிறது. வீட்டுக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இந்தக் கோணத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் அளவு: எத்தனை லிட்டர் வாங்குவது?

டேங்கிலிருக்கும் 60 டிகிரித் தண்ணீரை யாரும் அப்படியே ஊற்றிக் குளிப்பதில்லை. விளாவித்தான் குளிக்கிறோம். குளிக்க இதமான சூடு ஏறக்குறைய 40 டிகிரி. பச்சைத் தண்ணீர் 25 டிகிரியில் இருந்தால், 50 லிட்டர் குளியலுக்கு 21 லிட்டர் வெந்நீர் போதும். நான்கு பேருக்கு 86 லிட்டர். அப்படியானால் 100 லிட்டர் டேங்க் போதுமே என்று தோன்றும். குளிர்காலக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பச்சைத் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கி, டேங்கும் 50 டிகிரியோடு நின்றுவிட்டால், அதே 50 லிட்டருக்கு 36 லிட்டர் வெந்நீர் வேண்டும். நான்கு பேருக்கு 143 லிட்டர். வெந்நீரை எடுக்க எடுக்க அடியில் பச்சைத் தண்ணீர் புகுந்து கலப்பதால், டேங்கின் கொள்ளளவு முழுவதும் சூடாகவே கிடைக்கும் என்றும் எண்ணக்கூடாது. ஐந்தில் நான்கு பங்கு கிடைத்தால் நல்லது. எனவே இந்தக் குடும்பத்துக்கு 200 லிட்டர்தான் சரி. கோடைக்கு அளவெடுத்து வாங்கியவர்கள்தான் குளிர்காலத்தில் ஏமாந்துபோகிறார்கள்.

பேனலின் பரப்பும் இதோடு சேர்ந்தது. 100 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தச் சுமார் 4 யூனிட் ஆற்றல் வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் 5 யூனிட் அளவுக்கு வெயில் விழுகிறது. அதில் பாதி தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தாலும், 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் தட்டைப் பேனல் வைத்தால் சற்றே கூடுதலாகவே இருக்கும். டேங்கை மட்டும் பெரிதாக்கிப் பேனலை அப்படியே விட்டால் கிடைப்பது நிறைய வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

தட்டைப் பேனலா, கண்ணாடி டியூபா? காற்று குளிர்ந்து வீசும் இடத்தில் டியூப் நன்றாக வேலை செய்யும். அதன் இரு கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் உள்ளே சேர்ந்த சூடு வெளியே போவதில்லை. வெப்பமான இடத்தில் தட்டைப் பேனலும் அதற்குச் சளைத்ததல்ல. கண்ணாடி உடையும் பயம் குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் உப்புத் தண்ணீர் என்றால் முடிவு மாறும். தட்டைப் பேனலுக்குள் ஓடும் செம்புக் குழாய்கள் ஒடுக்கமானவை. தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்பு வேகமாகப் படிந்து அவற்றை அடைத்துவிடும். டியூபில் அதே படிவு அடியில் மண்டியாகத் தங்கும், ஓட்டம் உடனே நிற்காது. கடினத்தன்மை லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அது மிகக் கடின நீர். அங்கே நேரடித் தட்டைப் பேனல் வேண்டாம். டியூப் வையுங்கள், அல்லது பேனலுக்குள் தனித் திரவம் சுற்றும் வெப்பப் பரிமாற்றி வகையை வாங்குங்கள். தண்ணீர் உறைந்துபோகும் குளிர் உள்ள ஊர்களுக்கும் இந்த இரண்டாவது வகைதான் ஏற்றது. அங்கே அந்தத் திரவத்தில் உறையாமல் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் கலக்க வேண்டும். வாகனங்களுக்கு விற்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம், கசிந்து குளிக்கும் தண்ணீரில் கலந்தால் ஆபத்து.

இனி பைப். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

சோலார் டேங்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர் லைன் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தனியாக வர வேண்டும். நடுவில் வேறெந்தக் குழாய்க்கும் கிளை பிரிக்கக்கூடாது. பிரித்தால், மேல்தொட்டி காலியாகும்போது சோலார் டேங்கின் வெந்நீர் அந்தக் கிளை வழியே பின்னோக்கி இறங்கிவிடும். தொட்டியின் அடிமட்டம் சோலார் டேங்கின் உச்சியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டியில் தண்ணீர் குறையும்போது டேங்க் முழுவதும் நிரம்பாது.

டேங்கின் தலையில் நிற்கும் காற்றுக்குழாயின் வாய், மேல்தொட்டியின் நிரம்பிய மட்டத்தைத் தாண்டி நிற்க வேண்டும். சூடான தண்ணீர் லேசானது என்பதால் அது தொட்டி மட்டத்தைவிடச் சற்று உயரமாகவே ஏறி நிற்கும். டேங்கிலிருந்து தொட்டி மட்டம் வரை ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 4 செ.மீ., அதோடு ஒரு 15 செ.மீ. சேர்த்து உயர்த்திவிட்டால் வழியாது. வழிகிறதே என்று சிலர் அந்த வாயை மூடி போட்டு அடைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு கிடையாது. அழுத்தம் தாங்காத சாதாரண டேங்கின் உள்தகடு மிக மெல்லியது. காற்றுக்குழாய் அடைபட்டால், கீழே தண்ணீர் எடுக்கும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகித் தகடு உள்நோக்கி நசுங்கும். குளவிக் கூடு கட்டினாலும் இதே கதிதான். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அந்த வாயைப் பாருங்கள்.

வெந்நீர் லைன் டேங்கிலிருந்து சீராகக் கீழே இறங்க வேண்டும். கைப்பிடிச் சுவரைத் தாண்டுவதற்காக ஓரிடத்தில் மேலே ஏற்றி இறக்கினால், அந்த வளைவில் காற்று சேர்ந்து அடைக்கும். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று பிரிந்துவருவதால், ஒரு முறை காற்றை எடுத்துவிட்டாலும் மறுபடி சேரும். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த மேட்டில் இன்னொரு காற்றுக்குழாய் வையுங்கள்.

பைப்பின் விட்டத்தையும் கவனியுங்கள். 20 மி.மீ. உள்விட்டம் உள்ள பைப் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் 4.7 லிட்டர் தண்ணீர் நிற்கும். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயில் வெந்நீர் தலைகாட்டவே முக்கால் நிமிடத்துக்கு மேலாகும், அத்தனை தண்ணீரும் வீண். 15 மி.மீ. உள்விட்டம் என்றால் 2.7 லிட்டர்தான். எனவே முதன்மை லைனைப் பெரிதாக விட்டு, ஒவ்வொரு குளியலறைக்கும் பிரியும் கிளையைச் சிறிதாகப் போடுவது நல்லது. சாதாரண பி.வி.சி. பைப் இந்தச் சூட்டில் இளகி வளையும், அதை வெந்நீர் லைனில் எங்கேயும் போடக்கூடாது. சூடு தாங்கும் பிளாஸ்டிக் வகைகளான சி.பி.வி.சி. அல்லது வெந்நீருக்கான பி.பி.ஆர். போடலாம். ஆனால் டேங்கை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டர் உலோகமாக இருக்கட்டும், ஏனென்றால் யாரும் பயன்படுத்தாத கோடை நாளில் டியூப் டேங்கில் தண்ணீர் கொதிநிலையைத் தொடும். செம்பையும் துத்தநாகம் பூசிய இரும்பையும் நேரடியாக இணைத்தால் இரும்பு அரித்துப்போகும், நடுவே மின்காப்பு இணைப்பு வேண்டும். பைப்பின் மேல் சுற்றும் கறுப்பு ரப்பர் உறை வெயிலில் சில ஆண்டுகளிலேயே பொடிந்து உதிரும். அதன்மேல் அலுமினியத் தகடோ வெயில் தாங்கும் துணியோ சுற்ற வேண்டும்.

இனி மிக்ஸர், அதாவது வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய். நல்ல டேங்க், நல்ல வெயில், நல்ல பைப், இருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மிக்ஸரின் உடலுக்குள் பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் சந்திக்கின்றன. ஒருவர் கை ஷவரை அதன் முனையில் மட்டும் அடைத்துவிட்டு, மிக்ஸரின் இரண்டு பக்கத்தையும் திறந்தே விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் அழுத்தம் அதிகமோ அந்தத் தண்ணீர் மறுபக்கத்து லைனுக்குள் ஏறிவிடும். பச்சைத் தண்ணீர் லைனுக்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் இது நடந்தே தீரும். வீட்டின் வெந்நீர் லைன் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிறையும். சில வீடுகளில் அது சோலார் டேங்க் வரை ஏறி, காற்றுக்குழாய் வழியே வெந்நீர் வழிந்து வீணாகும்.

கண்டுபிடிப்பது எளிது. டேங்கிலிருந்து வெந்நீர் வெளியேறும் இடத்தில் உள்ள கேட் வால்வை முழுவதும் மூடுங்கள். கீழே வந்து மிக்ஸர் அல்லாத தனி வெந்நீர்க் குழாய் ஒன்றைத் திறங்கள். பைப்பில் மிச்சமிருந்தது வடிந்ததும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், எங்கோ பச்சைத் தண்ணீர் குறுக்கே வருகிறது. அதை ஓடவிட்டபடியே, ஒவ்வொரு மிக்ஸருக்கும் அடியிலுள்ள பச்சைத் தண்ணீர் வால்வை ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டே போங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ அந்த மிக்ஸர்தான் காரணம். உள்ளே ஓட்டத்தைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருந்தாலும் இப்படி நடக்கும். தீர்வு, மிக்ஸரின் இரண்டு நுழைவாயிலிலும் தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு. ஸ்பிரிங் வகை திறக்கக் கொஞ்சம் அழுத்தம் வேண்டும். தொட்டி இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றால் தண்ணீர் மெலிந்து வரும். அங்கே மடல் வகை வால்வைப் போடுங்கள், அம்புக்குறி ஓட்டத்தின் திசையைப் பார்க்க வேண்டும். பம்ப் வேண்டுமென்றால் இரண்டு லைனுக்கும் வையுங்கள். சாதாரண டேங்குக்கு முன்னால் வைக்கவே கூடாது, டேங்க் பிளந்துவிடும். டேங்குக்குப் பின்னால், வெந்நீர் தாங்கும் பம்ப்பாக இருக்க வேண்டும்.

தட்டைப் பேனலில் இன்னொரு வகைக் கோளாறு உண்டு. நண்பகலில் பேனலின் மேல் பைப் தொட முடியாதபடி சுடுகிறது, டேங்க் மட்டும் குளிர்ந்திருக்கிறது என்றால் பேனலுக்கும் டேங்குக்கும் இடையிலான சுற்றோட்டம் நின்றிருக்கிறது. காற்று அடைத்திருக்கலாம், சுண்ணாம்பு அடைத்திருக்கலாம், டேங்கில் தண்ணீர் மட்டம் மேல் இணைப்புக்குக் கீழே இறங்கியிருக்கலாம். டேங்கின் அடி பேனலின் உச்சியைவிடக் குறைந்தது 30 செ.மீ. உயரத்தில் இல்லாவிட்டால் இரவில் ஓட்டம் தலைகீழாகி, பகலில் சேர்த்த சூடு பேனல் வழியே வானத்துக்குப் போகும். சுண்ணாம்பு நீக்க, பேனலை டேங்கிலிருந்து பிரித்து, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரை அதற்குள் மட்டும் சுற்றவிட்டு, பிறகு நன்றாக அலசுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம், அது எஃகையும் இரும்பையும் தின்னும்.

டியூபில் பார்க்க வேண்டியது அதன் நுனி. வெள்ளி நிறமாக இருந்தால் வெற்றிடம் நன்றாக இருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த டியூப் இனி சூடு பிடிக்காது. மாற்றுவதை மாலையிலோ விடியலிலோ செய்யுங்கள். வெயிலில் காய்ந்த வெறும் டியூபில் பச்சைத் தண்ணீர் பட்டால் அப்போதே வெடிக்கும். முதன்முதலாக டேங்கை நிரப்பும்போதும் இதே எச்சரிக்கை. ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டியூபைத் திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள். எண்ணெயோ கிரீஸோ தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

மேகமூட்டமான நாட்களுக்கு டேங்கில் மின்சார ஹீட்டர் வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் அதன் சூடாக்கும் தண்டு டேங்கின் மேல்பாதியில் இருக்க வேண்டும். அடியில் வைத்து எப்போதும் ஆனில் விட்டால், விடிவதற்குள் மின்சாரமே டேங்க் முழுவதையும் சூடாக்கிவிடும், வெயிலுக்கு வேலை இராது. 2 கிலோவாட் தண்டு 100 லிட்டரை 35 டிகிரி உயர்த்த இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். அந்தக் கணக்கில் டைமர் வைத்து, வெயில் இறங்கிய பிறகு தேவைப்பட்டால் மட்டும் ஓட்டுங்கள். நீண்ட நாள் வெதுவெதுப்பாகவே கிடக்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி வரை அதற்கு ஏற்ற சூடு, 60 டிகிரியில் மடியும். வெயில் இல்லாத வாரத்தில் ஒரு முறையாவது டேங்கை 60 டிகிரிக்கு ஏற்றிவிடுங்கள். அதே 60 டிகிரி சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போட்டு, 45 டிகிரிக்கு மேல் குழாய்க்கு வராமல் தடுப்பது அவசியம்.

மாலையில் குளிப்பதா, காலையிலா? நல்ல உறை உள்ள டேங்க் இரவில் சில டிகிரிகள்தான் இழக்கும். 1909-இல் அமெரிக்காவில் வில்லியம் பெய்லி, பேனலையும் உறை போட்ட டேங்கையும் தனித்தனியாகப் பிரித்து விற்கத் தொடங்கியதே விடிகாலையில் வெந்நீர் கிடைப்பதற்காகத்தான். பகல் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதுதான் கெடுதல். சூடு ஏறிக்கொண்டிருக்கும் டேங்கில் பச்சைத் தண்ணீர் புகுந்துகொண்டே இருக்கும்.

ஏற்கெனவே கூரையில் மின்சாரம் தரும் சோலார் பலகை இருக்கிறது, இதுவும் வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. 2 சதுர மீட்டர் பலகை ஏறக்குறைய 400 வாட், நாளுக்கு 2 யூனிட்டை ஒட்டித் தரும். அதே இடத்தில் வெந்நீர்ப் பேனல் 5 யூனிட் வெப்பம் தரும். இடம் குறைவு என்றால் வெந்நீர்ப் பேனலே மேல். இடம் தாராளமாக இருந்தால் பலகையோடு, காற்றிலுள்ள சூட்டை இழுத்துத் தண்ணீருக்குத் தரும் ஹீட் பம்ப் சேர்க்கலாம். 2 யூனிட் மின்சாரத்தை 6 யூனிட் வெப்பமாக்கும், மாடியில் தண்ணீர் லைனும் இராது.

புதிதாக மாட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்தது என்று பிளம்பர் சொன்னதும், அவரை வைத்துக்கொண்டே டேங்கின் வெந்நீர் வால்வை மூடச் சொல்லுங்கள். எல்லா மிக்ஸர்களின் பச்சைத் தண்ணீர்ப் பக்கம் மூடியிருக்க, வீட்டின் எல்லா வெந்நீர்க் குழாய்களையும் திறந்து வடியவிடுங்கள். பிறகு ஒவ்வொரு மிக்ஸராக இரு பக்கத்தையும் திறந்து, அதன் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடிப் பாருங்கள். வேறெந்த வெந்நீர்க் குழாயிலிருந்தும் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. வந்தால், நான்-ரிட்டர்ன் வால்வைப் போட்ட பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.