ஒரே தேதியில் இருவர்

காலையில் டீக்கடை ஓரத்தில் ஒரே மேசையில் இரண்டு படங்கள். பெரியார், எம்.ஜி.ஆர். இரண்டுக்கும் சாமந்தி மாலை.

பக்கத்தில் ஒரு பெரியவர் கரும்பலகையில் 'நினைவு நாள்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்த 'னை'யைப் பழைய முறையில், யானைத் துதிக்கை மாதிரி மேலே சுழித்து எழுதினார். பார்த்து எத்தனை வருஷமாச்சு! அப்படியே நின்றுவிட்டேன்.

இருவருக்கும் டிசம்பர் 24தான். பெரியார் 1973இல், வேலூரில், 94 வயதில். கடைசிக் கூட்டம் தியாகராய நகரில், ஐந்தே நாள் முன்பு. அந்த வயதில், அந்த உடம்போடு! எம்.ஜி.ஆர். 1987இல், முதலமைச்சராக இருக்கும்போதே.

தேதி ஒன்றானது தற்செயல். ஆனால் அந்தத் துதிக்கை போனதில் இருவருக்கும் பங்கு உண்டு. 1935லேயே பெரியார் தன் 'குடி அரசு' இதழில் 'ணை, லை, னை' என்று எளிய வடிவில் அச்சிட்டார். அச்சுக்கோப்பவருக்கு அச்சு குறையும், குழந்தைக்குச் சுமை குறையும். அதை 1978இல் அரசாணையாக்கியது எம்.ஜி.ஆர். அரசு.

என் மகளுக்கு அந்த எழுத்தைக் காட்டினேன்.

"இது என்ன எழுத்துப்பா?" என்றாள்.