23 வயதில் மூன்று லீஜியன்

சீசரின் எதிரியாகத்தான் ரோமத் தளபதி பாம்பியை நமக்குத் தெரியும். என் மனசில் நிற்பது அவனுடைய தொடக்க காலம். கி.மு. 83, ரோமில் உள்நாட்டுப் போர். எந்தப் பதவியும் வகிக்காதவன், இத்தாலியின் பிசேனம் பகுதியில் அப்பாவின் செல்வாக்கை வைத்து மூன்று லீஜியன் (ரோமப் படைப்பிரிவு) திரட்டி, அந்தப் போரில் ஒரு தரப்பின் தலைவரான சுல்லாவிடம் போய்ச் சேர்ந்தான். சுல்லா குதிரையிலிருந்து இறங்கி ‘இம்பெராத்தர்’ என்றே அழைத்தார். வென்ற தளபதிக்கான பட்டம்!

சரி, அது பெருமை. கார்போ விஷயம்தான் ஆறவில்லை. அப்பா இறந்த பிறகு, கொள்ளைப் பொருள் வழக்கில் மாட்டிய பாம்பிக்கு ஆதரவாகப் பேசியவர், பின்னால் போரில் சுல்லாவின் எதிர்த் தரப்புத் தலைவராக இருந்த கார்போ. கி.மு. 82இல் சிசிலியில் அதே கார்போவை, மூன்று முறை கான்சலாக (ரோமின் மிக உயர்ந்த பதவி) இருந்த மனிதரை, விலங்கோடு நிற்கவைத்து, தான் உட்கார்ந்தபடி விசாரித்துக் கொல்லச் சொன்னான். பல வருடம் கழித்து ஹெல்வியஸ் மான்சியா என்ற கிழவர் கார்போவின் கொலை உட்பட அவன் செய்வித்த கொலைகளை அவன் முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார். அந்தக் கிழவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.