குழந்தை காணாமல் போன படம்

மார்ச் 1, 2025, சனி

திங்கட்கிழமை அத்தை மகளுக்குப் பிறந்தநாள். சின்ன வயசுப் படம் ஒன்று அனுப்பலாமென்று வீட்டு சர்வரில் தேடினேன். 1987இல் அப்பா எடுத்தது: கொடிமரத்தடியில் அத்தை, மடியில் கைக்குழந்தையாக அவள். திறந்தால் கொடிமரம் சரி, அத்தை முகமும் சரி. அதற்குக் கீழே குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழ் எல்லாமே ஊதா. கட்டங்கள் வலப்பக்கம் நகர்ந்து கிடக்கின்றன. குழந்தையைக் காணோம்.

நெகடிவ் எப்போதோ பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. இந்த ஸ்கேன்தான் மிச்சம். கோப்பின் அளவும் தேதியும் பழையபடியே இருக்கின்றன. ஒரு பிழைச் செய்திகூட வந்ததில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பீரோவிலிருந்த யூஎஸ்பி டிஸ்க்கில் படம் முழுசாக இருக்கிறது! இரண்டையும் பைட் பைட்டாக ஒப்பிட்டேன். ஒரே ஒரு பைட் வேறு: 01011010 என்பது 01001010 ஆகியிருக்கிறது. ஒரே பிட். ஜேபெக் படக் கோப்பில் ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்றுதான் பதிவாகும். நடுவில் ஒன்று பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும்.

சர்வரிலிருந்து அந்த டிஸ்க்குக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் வாராவாரம் ஓடியும் கெட்ட படம் ஏன் பேக்கப்புக்குப் போகவில்லை? அது அளவையும் தேதியையும் மட்டுமே பார்க்கும். இரண்டும் மாறாததால் தொடவில்லை. உள்ளடக்கத்தையும் ஒப்பிடச் சொல்லும் 'மைனஸ் சி'யைச் சேர்க்க வேண்டுமென்று போன மாதம்தான் நினைத்திருந்தேன். சேர்த்திருந்தால் நல்ல பிரதியின் மேலேயே கெட்டதை எழுதியிருக்கும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 5, புதன்

சுமார் 41,000 கோப்புகளுக்கு இரண்டு பக்கமும் ஷா256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) போட்டதில் ஏழு பொருந்தவில்லை. நான்கு படங்கள் கண்ணுக்கே தெரிந்தன. இரண்டு, ஃபிளாக் என்ற ஒலிக்கோப்பு வகையிலிருந்த பாட்டுகள். ஃபிளாக் கோப்புக்குள்ளேயே ஒலியின் எம்டி5, அதாவது இன்னொரு வகைக் கைரேகை, இருப்பதால் எது நல்லது என்று அதுவே சொல்லிவிட்டது. ஏழாவது, பாட்டி பேசிய கேசட்டின் வேவ் கோப்பு. அதற்குள் அப்படி எந்தச் சாட்சியும் கிடையாது. ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டேன், வித்தியாசம் புலப்படவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

இரண்டு பிரதி இருக்கிறதே என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்தேன். அவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் யாரை நம்புவது என்று யோசித்ததே இல்லை.

மார்ச் 8, சனி

ராத்திரி முழுக்க, கணினியின் நினைவகமான ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட். விடிகாலையில் திரையில் சிவப்பு வரிகள், எல்லாம் ஒரே முகவரி, ஒரே பிட். கோளாறு டிஸ்க்கில் இல்லை, ராமில். போன வருஷம் புது டிஸ்க்குக்கு மாறியபோது எல்லாக் கோப்பும் இந்த ராம் வழியாகத்தான் போனது.

மார்ச் 16, ஞாயிறு

ரிச்சி தெருவில் பிட் பிசகினால் தானே திருத்தும் ஈசிசி ராம் ஏற்கும் பழைய வொர்க்ஸ்டேஷன் கிடைத்தது. இரண்டு 4 டிபி டிஸ்க், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் மிரர், அதாவது இரண்டிலும் ஒரே தகவல். 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் போன்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கிய வேலை இது. ஒரு பிளாக்கின் (தரவுத் துண்டின்) செக்சமை, அதாவது சரிபார்ப்பு எண்ணை, அந்த பிளாக்கோடு வைக்காமல், அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைத்தார்கள். டிஸ்க் தப்பான இடத்தில் எழுதினாலும், எழுதாமலே எழுதியதாகச் சொன்னாலும் வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளும். அழகான யோசனை.

நம்பிக்கை வருவதற்காக இரண்டு சின்னக் கோப்புகளை டிஸ்க்குகள் போல வைத்து ஒரு சோதனை பூல் (டிஸ்க் தொகுப்பு) உண்டாக்கி, ஒன்றின் நடுவில் வேண்டுமென்றே குப்பையை எழுதினேன். எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடியதும் செக்சம் பத்தியில் அந்த ஒன்றுக்கு நேராக மட்டும் எண் ஏறியது. மற்றதிலிருந்து எடுத்துத் தானே சரிசெய்துகொண்டது. ஆனால் ராமில் முன்பே கெட்டு வருவதை இசட்எஃப்எஸ்ஸும் நல்லது என்றே முத்திரை குத்தும். ஈசிசிக்குச் செலவழித்தது அதற்காகத்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சர்வரில் ஓடும் டெபியன் லினக்ஸ் தானாகவே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு பிறந்ததும் ராத்திரி 12.24க்கு ஸ்க்ரப்பைத் தொடங்குகிறது. காலையில் பார்த்தேன்: பழுது பார்த்தது 0, பிழை 0.

மதியம் அத்தை மகள் வந்திருந்தாள். பிரிண்ட் போட்ட படத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். "மாமா எடுத்ததா இது? இந்த ரோல்ல வேற படம் இருக்கா?" என்றாள். இருந்த 31 படங்களையும் பென் டிரைவில் போட்டு, கூடவே ஷா256 பட்டியலையும் வைத்துக் கொடுத்தேன்.