மரம் இருந்தது, நிழல் இல்லை

எங்கள் தெருவில் பட்டாணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் பக் நாய் என்றால் அவர்களுக்கு ‘ஹட்ச் நாய்’தான். ஐந்து வயது, ஒன்பதரை கிலோ, சப்பை மூக்கு. காரில் போவதென்றால் அவனுக்கு உயிர். சாவிக்கொத்துச் சத்தம் கேட்டால் போதும், நமக்கு முன்னால் வாசலில் நிற்பான்.

போன மே மாதம், கத்திரி வெயில் நடுவில், மச்சினி கல்யாணப் புடவையை வாங்கி வரக் காஞ்சிபுரம் போனோம். மனைவி வேண்டாம் என்றாள். அவனைத் தனியாக வீட்டில் விட மனசில்லாமல் தூக்கி வண்டியில் போட்டது நான்தான். புடவை முன்பே எடுத்தாயிற்று, மீதிப் பணம் கட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. பத்து நிமிஷ வேலை. கடைக்குப் பின்னால் பார்க்கிங், முப்பது ரூபாய் சீட்டு. ஒரு வேப்பமரத்துக்கு மேற்கே நல்ல நிழல் கிடைத்தது. அங்கே நிறுத்தி, நான்கு கண்ணாடியையும் இரண்டு விரல் அளவு இறக்கி, கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். மணி 11:25. எல்லாம் யோசித்துச் செய்துவிட்டேன் என்ற பெருமைகூட இருந்தது.

முந்தானைக்குக் குஞ்சம் கட்டி முடிக்கவில்லை. “உட்காருங்க சார், அஞ்சே நிமிஷம்” என்றார்கள். அந்த அஞ்சு நிமிஷம் மூன்று தடவை வந்தது. உள்ளே ஏசி, கையில் மோர். நேரம் போனதே தெரியவில்லை. 12:05-க்குப் பார்க்கிங் பையன் மூச்சிரைக்க உள்ளே வந்து, “வெள்ளைக் கார், உள்ள நாய், யாருது?” என்று கத்தினான்.

மரம் அங்கேயேதான் இருந்தது. நிழல்தான் இல்லை. நம் ஊரில் ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். மே மாதத்திலும் அதை ஒட்டியேதான் இருக்கும். காலையில் மேற்கே நீண்டு கிடக்கும் நிழல், பன்னிரண்டு மணிக்கு மரத்தின் காலடிக்குச் சுருங்கிவிடுகிறது. நாற்பது வயதில் இதை ஒரு நாய் மூலம் கற்றுக்கொண்டேன்.

கதவைத் திறந்தபோது அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. கண்ணாடி முழுக்க எச்சில் கோடுகள். கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. சீட்டுக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். கறுத்த சிவப்பில் நாக்கு பக்கவாட்டில் தொங்கியது. கூப்பிட்டால் கண் மட்டும் அசைந்தது, தலை அசையவில்லை.

எங்களைக் கூப்பிட ஆள் அனுப்பியது பக்கத்தில் இளநீர் விற்கும் அம்மா. நான் பட்டாணியைத் தூக்கி, பாட்டில் தண்ணீரை அவன் வாயில் ஊற்றப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். “புரையேறிச் செத்துடும்பா, மேல ஊத்து.” அவரே குடத்துத் தண்ணீரைச் சாய்த்தார். வயிறு, தொடையிடுக்கு, பாதம், கழுத்து என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் புத்திசாலித்தனமாக இளநீர் கட்டிவந்த சாக்கை நனைத்து அவன்மேல் போர்த்தினேன். அதற்குள் மனைவி எங்கள் சென்னை டாக்டரைப் போனில் பிடித்திருந்தாள். “முதல்ல சாக்கை எடுங்க. அது உடம்புச் சூட்டை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும். தண்ணி ஊத்தி விசிறுங்க. கொஞ்சம் குளிர வெச்சுட்டு, அப்புறம் வண்டிய எடுங்க.” பார்க்கிங் பையன் அட்டைப்பெட்டி மூடியால் விசிறினான். இரண்டு குடம் காலியான பிறகு, ஏசியை முழுக்க வைத்து, ஈர உடம்போடு மடியில் போட்டுக்கொண்டு அருகில் இருந்த கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அங்கே பார்த்தபோது 107.2 டிகிரி. அத்தனை தண்ணீர் ஊற்றிய பிறகும்! நாய்க்குச் சாதாரணமாக 101-லிருந்து 102.5 வரை இருக்கும். முன்காலில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள், டேபிள் ஃபேனை நேராக வைத்தார்கள். 103 வந்ததும் டாக்டர் தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டார். அதற்குமேல் குளிரவைத்தால், தானாக இறங்கிக்கொண்டே போய் வேறு ஆபத்தாகிவிடுமாம். அந்தக் கணக்கு எனக்கு வந்திருக்காது.

காய்ச்சல் இறங்கிய மாதிரி நினைத்து நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அவர் விடவில்லை. “இனிமேதான் பார்க்கணும். மூணு நாள்.” ராத்திரி வைத்துப் பார்க்கும் வசதி உள்ள சென்னை மருத்துவமனைக்கு அன்று மாலையே மாற்றினோம். இரவு இரத்தத்தோடு பேதி. சூட்டில் குடலின் உட்சுவரே உரிந்துவிடும் என்றார்கள். மறுநாள் காலை ஈறிலும் வயிற்றிலும் ஊசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். தட்டணுக்கள் 58,000, இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. தசை வெந்து கரைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்றார் டாக்டர். ‘வெந்து’ என்று அவர் சொன்ன சொல் இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் அந்த மருத்துவமனைக்கும் நடுவில் மூன்று நாள் பேச்சு முழுக்க சிறுநீரின் நிறத்தைப் பற்றித்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் அது மஞ்சளானபோது போட்டோ எடுத்து மச்சினிக்கு அனுப்பினேன். கல்யாணப் பெண்ணுக்கு அனுப்பக்கூடிய படமா அது? ஆனால் அனுப்பினேன்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். மூடிய காரில் அதன் மூச்சே காற்றை ஈரமாக்கிவிடும், அப்புறம் எதுவும் ஆவியாகாது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு ஆரம்பத்திலேயே மூச்சு போதாது.

கண்ணாடியை இறக்கித்தானே வைத்தேன் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்த வாரத்தில் சுவரில் மாட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பின்சீட்டில் வைத்து, அதே இரண்டு விரல் இடைவெளியோடு காரை வெயிலில் விட்டுப் பார்த்தேன். வெளியே 37 டிகிரி செல்சியஸ். பத்தாவது நிமிஷம் 46. பதினாறாவது நிமிஷம் திரையில் எண் போய்க் கோடு வந்துவிட்டது. 50-க்கு மேல் அந்தக் கருவிக்குக் காட்டத் தெரியாதாம். 2005-இல் அமெரிக்காவில் மருத்துவர்கள் இதையே முறையாகச் செய்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஏறும் சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவதால் பெரிய வித்தியாசமே இல்லை என்று கண்டார்கள். அவர்கள் பார்த்தது வெளியே 22 டிகிரி இருந்த நாட்களிலும்கூட. நமக்கு அது மார்கழிக் காலை.

மருத்துவமனைச் செலவு 23,400 ரூபாய். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. என் பார்க்கிங் சீட்டின் விலை அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

நான்காம் நாள் தயிரை நக்கினான், ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். இப்போது நன்றாகத்தான் இருக்கிறான். கொஞ்ச தூரம் நடந்தால் முன்னைவிடச் சீக்கிரம் உட்கார்ந்துவிடுகிறான். சாவிச் சத்தத்துக்கு இன்னும் வாசலுக்கு வருகிறான். வெயில் காலத்தில் சாவியைச் சத்தமில்லாமல் எடுக்கப் பழகிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து, ரவிக்கை வேலையாக மறுபடி காஞ்சிபுரம் போனோம். அந்த அம்மா அதே இடத்தில் இருந்தார். மொபைலில் பட்டாணி படத்தைக் காட்டினேன். பார்த்துச் சிரித்தார். பையில் கொண்டுபோன ஐநூறு ரூபாயை நீட்டினேன், கையைக்கூட நீட்டவில்லை. “தண்ணிக்குக் காசா?” என்றார். இளநீர் ஒன்றைச் சீவிக் கொடுத்தார். அதற்கு நாற்பது ரூபாய், சில்லறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.